சாம்பல் கட்டத்துக்குள் மாமா

அத்தியாயம் பதினான்கு

அண்ணியும் நாத்தனாரும் பேசி நான்கு மாதமாகிறது. காரணம் நகையுமில்லை, பாகப்பிரிவினையுமில்லை. ஒரு பால்கனி.

புது வீட்டுக்குக் குடிபோன நாத்தனார், அதாவது அக்கா, குடும்பக் குரூப்பில் ஒரு படம் போட்டாள். பூந்தொட்டி, பிரம்பு நாற்காலி, மாலை வெயில். கீழே 'எங்க பால்கனி' என்று ஒரு வரி. ஐந்தே நிமிடத்தில் அண்ணி பதில் போட்டாள்: 'இது உன் பால்கனி இல்ல. எதிர்ல தண்ணித் தொட்டி தெரியுது. உன் மாடியில இருந்து அது தெரிய வாய்ப்பே இல்ல. இது உனக்கு மேல்மாடி வீடு.'

முப்பத்தொரு உறவினர்கள் படித்தார்கள். ஒரு பெரியப்பா மட்டும் கைதட்டும் பொம்மை போட்டார். அவரோடும் அக்கா பேசுவதில்லை.

அண்ணி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவள் பிழைப்பே அது. ஊருக்கே திறந்து கிடக்கும் புகைப்படங்கள், வரைபடங்கள், செயற்கைக்கோள் படங்கள், கப்பல் வருகைப் பட்டியல்கள் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, 'இது எங்கே, எப்போது, உண்மையா' என்று கண்டுபிடிப்பது. பொதுவெளித் தகவல் ஆய்வாளர் என்று பெயர். ஒட்டுக்கேட்பதில்லை, பூட்டை உடைப்பதில்லை. எல்லாரும் பார்த்ததையே பார்க்கிறார்கள். ஆனால் பார்க்கிறார்கள்.

அந்தக் கண் இப்போது அக்காவுக்கே தேவைப்பட்டது.

அக்காவின் புருஷன், மெக்கானிக் மாமா, சரக்குக் கப்பலில் என்ஜின் பார்ப்பவர். ஒன்பது நாளாகக் கப்பலின் சிக்னல் இல்லை. நான்கு நாளைக்கு முன்னால் ஒரு காலையில், அவர் ஃபோனிலிருந்து ஒரே ஒரு படமும் ஒரு வரியும் வந்தன: 'என்ஜின் போச்சு. குடிதண்ணி குறையுது. கரை தெரியுது, பயப்படாதே.' அதற்குப் பிறகு ஃபோன் செத்துவிட்டது. கம்பெனியைக் கேட்டால், 'கப்பல் பயணத்தில் இருக்கிறது' என்றார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாக் கப்பலும் ஒருவிதத்தில் பயணத்தில்தான் இருக்கிறது.

கடலோரக் காவல் அதிகாரி மட்டும் நேராகப் பேசினார். "எங்ககிட்ட இருக்கிறது ஒரே லாஞ்சு, ரோந்துப் படகு. கடைசியா சிக்னல் வந்த கரையில இருபத்திரண்டு குடா இருக்கு. சாயங்காலம் காத்து மாறிடும், அப்புறம் ரெண்டு நாளைக்குக் கிளம்ப முடியாது. மூணு மணிக்குள்ள ஒரு குடாவைச் சொல்லுங்க. ஒண்ணு. ரெண்டு இல்ல."

மணி இப்போது பதினொன்று.

டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் அண்ணியின் அலுவலகம். அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் அவள் கொழுந்தன், அக்காவின் தம்பி, கடைக்குட்டி.

கடைக்குட்டிக்கு வயது இருபத்தாறு, அரையடித் தாடி, சொந்தமாக விசிட்டிங் கார்டு. ஆனாலும் வீட்டில் கடைக்குட்டிதான். ஆய்வாளர்களுக்கு வேண்டிய மென்பொருளை வடிவமைப்பது அவன் உத்தியோகம். யாராவது கேட்டால் அவன் அம்மா, "கம்ப்யூட்டர்ல பட்டனுக்கு கலர் அடிக்கிறான்" என்பாள்.

எட்டு மாதம் உழைத்து அவன் ஒரு கருவி செய்திருந்தான். அதற்குக் 'கழுகு' என்று பெயர் வைத்திருந்தான். அண்ணி அதைக் 'கோழி' என்றாள்.

"அதோட கண்ணு கூர்மைன்னு காட்டத்தான் அண்ணி அந்தப் பேரு."

"கண்ணு கூர்மைதான். ஆனா கீழ கொட்டிக் கிடக்கிறதையெல்லாம் கிளறிக் கலைச்சுட்டுப் போகுதே, அது கோழிதான் தம்பி."

இந்த விமரிசனத்தை அவன் அறிக்கையில் சேர்க்கவில்லை. ஆனால் அவன் மேலாளருக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. "ஒரு நாள் முழுக்க அவங்க பக்கத்துல உக்காரு. விளக்காதே. உதவாதே. பாரு. அவ்வளவுதான்," என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஒரு நாள்தான் இன்று. மாமா காணாமல் போன பிறகு, வேறு நாள் கேட்கலாமா என்று அண்ணியிடம் கேட்டான். "இன்னிக்கே உக்காரு," என்றாள். "வேலைன்னா என்னன்னு இன்னிக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தா மட்டும் வெளிய."

வாயைத் திறக்காமல் கடைக்குட்டி ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரக் கணக்கு: அண்ணி கழுகைத் தொட்டது ஆறு முறை, அதில் இரண்டு தவறுதலாக. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியது நாற்பத்தொரு முறை.

அந்தக் காலண்டர் தாள்கள்தான் அவன் நெஞ்சில் முள். அண்ணி தினமும் காலையில் தேதியைக் கிழிப்பாள், நாலாக மடிப்பாள், எழுதுவாள், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவாள். எட்டு மாத உழைப்பு ஒரு பிஸ்கட் டப்பாவிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

ஆனால் பார்க்கப் பார்க்க, வேறு ஒன்றும் நடந்தது. அவனுக்கு மெல்ல வாய் பிளந்தது. திறக்கக் கூடாதே என்று கையால் மூடிக்கொண்டான்.

மாமா அனுப்பிய படத்தில் கப்பலின் கைப்பிடிக் கம்பி, அதற்குப் பின்னால் கடல், அதற்கும் பின்னால் கரை. கரையில் ஒரு குன்று. குன்றுக்கு இடப்பக்கம் தண்ணித் தொட்டி, வலப்பக்கம் பாதி இடிந்த படகுத்துறை. நீங்களும் நானும் பார்த்தால் இவ்வளவுதான். அண்ணி படகுத்துறையின் கால்களை எண்ணினாள். கரையிலிருந்து மூன்று கால், ஒரு இடைவெளி, பிறகு ஒற்றைக் கால். கால்களில் ஈரக்கறை எவ்வளவு உயரம் என்று அளந்தாள். கடல் ஏறி இறங்கும் நேரத்துக்கான அன்றைய ஓத அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்தாள். தொட்டியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாள். பிறகு வரைபடத்தில் ஒவ்வொரு குடாவாகக் கடல் பக்கமிருந்து உள்ளே போய் வந்தாள், ஏதோ வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவள் மாதிரி.

அவள் 'இதுதான்' என்று சொல்லி அவன் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. 'இது இல்ல' என்பதைத்தான் கேட்டான். ஒவ்வொரு 'இது இல்ல'வுக்கும் ஒரு 'ஏன்' இருந்தது. அது காலண்டர் தாளுக்குப் போனது.

நான்கு நாளில் பதினேழு குடாக்கள் 'இது இல்ல' ஆகியிருந்தன. மீதி ஐந்து. ஐந்திலும் ஏதோ ஒன்று இடித்தது.

"நிழல்," என்றாள் அண்ணி, யாரிடமும் இல்லாமல். "மெசேஜ் வந்தது காலையில. நிழல் விழறது சாயங்கால நிழல். முந்தின நாள் எடுத்து, சிக்னல் கிடைச்சப்போ அனுப்பியிருக்கணும். அப்படி வெச்சாலும் இந்த அஞ்சுல எதுவும் உக்கார மாட்டேங்குது."

தலைமை ஆய்வாளர் தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் இல்லாத நேரத்தில் அவர் பெயர் 'எப்படித்தெரியும்'. இன்று மழை வரும் என்று யாராவது சொன்னால்கூட, "எப்படித் தெரியும்?" என்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் கேட்டதாக ஒரு வதந்தி. அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"முந்தின நாள்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். அப்படி நினைச்சேன்."

"நினைச்சதுன்னு எழுதிக்குங்க."

அண்ணி எழுதிக்கொண்டாள். காலண்டர் தாளில்.

ஒன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. அக்கா.

நான்கு நாளாகக் கீழே டயர் கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். அண்ணியின் முகத்தில் விழிக்கக் கூடாது என்று மேலே வராதவள். அண்ணன் இரண்டு தடவை வந்து கெஞ்சிப் பார்த்தான். பெண்டாட்டிக்கும் தங்கைக்கும் நடுவில் நின்றே பழகியவனாதலால் இரண்டு தடவையும் மாடிப்படியின் சரிபாதியில் நின்றபடியே கெஞ்சினான்.

"மணி ரெண்டு ஆகப் போகுது," என்றாள் அக்கா, தம்பியைப் பார்த்து. "கண்டுபிடிச்சாச்சான்னு கேளு."

"நீயே கேளேன் அக்கா. மூணடி தூரத்துலதானே இருக்காங்க."

"உன்னைக் கேக்கச் சொன்னேன்."

அண்ணி திரும்பவில்லை. "இன்னும் இல்லன்னு சொல்லு தம்பி."

அக்கா திரையைப் பார்த்தாள். பெரிய திரை. குன்று, தொட்டி, படகுத்துறை எல்லாம் துல்லியமாக இருந்தன. கம்பியருகே மாமா நின்ற இடத்தில் மட்டும், ஆளுயரத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கட்டம்.

"என் புருஷன் எங்கடா?"

கடைக்குட்டி திரையைக் காட்டினான். "கட்டத்துக்குள்ள இருக்காருக்கா."

"என்ன கட்டம்?"

"தெரிஞ்சவங்க முகத்தைப் பார்த்தா ஆய்வு பண்றவங்க மனசு சாயும். அதனால படத்துல ஆள் இருந்தா கழுகு தானாவே மறைச்சிடும். நான்தான் செஞ்சேன்." கடைசி வாக்கியத்தை எட்டு மாதமாகப் பெருமையாகச் சொல்லி வந்தான். இன்று அது தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"மறைச்சுட்டுத் தேடறீங்களா? நாலு நாளா?" அக்கா ஒரு எட்டு முன்னால் வந்தாள். ஃபோனை எடுத்தாள், படத்தைத் திறந்தாள், இரண்டு விரலால் பெரிதாக்கினாள், நேராக அண்ணியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். நான்கு மாத விரதம் அந்த இடத்திலேயே முறிந்தது.

"இதோ பாருங்க அண்ணி. இதுதான் மனுஷன். ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கறாரு, தலை சுத்தியிருக்கும், சொல்ல மாட்டாரு. எப்படி இளைச்சுப் போயிட்டாரு பாருங்க. இந்தச் சட்டை நான் தச்சது. காலர் நான் வெட்டினது. பாக்கெட் நான் வெச்சு..."

நின்றாள்.

அக்கா தையல்காரி. இருபது வருஷமாக ஊருக்குச் சட்டை தைக்கிறவள்.

"பாக்கெட் வலது பக்கம் இருக்கு," என்றாள்.

எல்லாத் தலையும் அவள் ஃபோன் பக்கம் திரும்பியது.

"நான் வலது பக்கம் பாக்கெட் வெச்சதே இல்ல. பட்டன் பட்டையும் மாறியிருக்கு. பொம்பளைச் சட்டை மாதிரி. நாலு நாளா முகத்தையே பார்த்துட்டு இருந்துட்டேன், சட்டையைப் பார்க்கல."

அண்ணி நாற்காலியைத் திருப்பிய வேகத்தில் அது அரைச் சுற்று கூடுதலாகப் போய்த் திரும்பி வந்தது.

"எப்படித் தெ..." என்று ஆரம்பித்தார் தலைமை ஆய்வாளர்.

"நான் தச்சது சார்!" என்றாள் அக்கா.

அவர் வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் கேள்விக்கு உடனே பதில் கிடைத்தது. உட்கார்ந்துவிட்டார்.

"படம் இடவலம் மாறியிருக்கு," என்றாள் அண்ணி. "தன்னைத்தானே எடுத்துக்கிட்டா சில ஃபோன் கண்ணாடி மாதிரி திருப்பி வெச்சிடும். படத்துல ஒரு எழுத்துகூட இல்ல, அதான் தெரியல. சாயங்கால நிழல் இல்ல அது. காலை நிழல். தொட்டி வலப்பக்கம். துறை இடப்பக்கம். தம்பி, கோழியைத் திற. நான் தள்ளின பதினேழையும் எடு."

வாயைத் திறக்க அனுமதி கிடைத்தது. ஆனால் அவன் கழுகைத் திறக்காமல் ஸ்டூலிலேயே இருந்தான்.

"எடுடா."

"இல்ல அண்ணி."

"என்ன இல்ல?"

"தள்ளினதைக் கழுகு வெச்சுக்காது. துடைச்சிடும். திரை சுத்தமா இருக்கணும்னு..."

இந்த இடத்தில் நியாயமாகச் சொல்ல வேண்டும். கடைக்குட்டி சோம்பேறி இல்லை. இந்த அறையிலேயே நாலு ஆய்வாளர்களிடமும் கேட்டுத்தான் செய்தான். 'திரை சுத்தமா இருக்கா?' என்று கேட்டான். நாலு பேரும் ஆமாம் என்றார்கள். 'துடைச்சது திரும்ப வேணுமா?' என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லவுமில்லை.

மணி இரண்டு. ஒரு குடாவை முதலிலிருந்து பார்க்க இருபது நிமிடம். பதினேழு குடா. கணக்குப் போடக் கடைக்குட்டிக்குக் கழுகு தேவைப்படவில்லை.

நான்கு நாள் தண்ணீர் குறைந்துகொண்டே வரும் கப்பல் அவன் கண் முன்னால் வந்தது. அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமா. விழுந்தபோதெல்லாம், "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்ட மாமா. அவரைத் தானே ஒரு துணியை எடுத்துத் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

நோட்டைப் பார்த்தான். நாற்பத்தொரு கோடு.

"அண்ணி! டப்பா!"

பிஸ்கட் டப்பாவை அவனே தாவி எடுத்தான். தரையில் கவிழ்த்தான். நான்கு நாள் தாள்கள், நாலாக மடித்தவை. அண்ணியின் பென்சில் எழுத்து எறும்பு வரிசை மாதிரி ஓடியது. மூவரும் தரையில் உட்கார்ந்து பிரித்தார்கள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் முட்டி முட்டியோடு இடித்தது. யாரும் நகர்ந்து உட்காரவில்லை.

'3: குன்று இல்லை.' 'துறை புதுசு, சிமெண்டு: 5.' '11: தொட்டி இரண்டு.'

"இந்தா," என்றாள் அக்கா. ஒரு தாளை நீட்டினாள்.

முதல் நாள் தாள். அண்ணி வாங்கிப் படித்தாள்.

'7: துறைக்கால் மூணு, இடைவெளி, ஒண்ணு. சரி. ஓதக்கறை சரி. ஆனா தொட்டி வலப்பக்கம், நிழல் எதிர்ப்பக்கம். அதனால் இது இல்ல.'

எதற்காகத் தள்ளினாளோ, அதுவே இப்போது ஆதாரமாக நின்றது.

கடைக்குட்டி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக அவன் அண்ணிக்கு விடையை வேகமாகக் கொடுக்கப் பார்த்தான். அவளுக்கு விடை வேண்டியதே இல்லை. விடையை அவள் பார்த்துக்கொள்வாள். 'ஏன் இல்ல' என்று சொன்னதை யாராவது பத்திரமாக வைத்திருந்தால் போதும். ஒரு பிஸ்கட் டப்பாவுக்கு அது புரிந்திருந்தது.

"ஏழுன்னு சொல்லிடலாமா?" என்றாள் அக்கா.

"இன்னும் இல்ல," என்றாள் அண்ணி.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கண்டுபிடித்ததை இன்னொருவர், விடை தெரியாமல், தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். எப்போதும் காதில் பெரிய ஹெட்ஃபோனோடு இருக்கும் ஓர் ஆய்வாளர் மூலையில் இருந்தார். கப்பல் மூழ்கினாலும் பாட்டு நிற்காது. இதுவரை நடந்த எதுவும் அவருக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை என்று எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரிந்ததால், அவரையே தேர்ந்தெடுத்தார்கள். திருப்பிய படத்தையும் இருபத்திரண்டு குடாக்களின் வரைபடத்தையும் முன்னால் வைத்தார்கள்.

அக்கா அண்ணியின் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஹெட்ஃபோன்காரரின் பிடரியையே பார்த்தார்கள்.

"அந்தப் பால்கனி," என்றாள் அக்கா திடீரென்று, மெல்ல. "என்னுது இல்லதான்."

"தெரியும்."

"நீங்க குரூப்ல சொல்லியிருக்க வேண்டாம்."

அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். "சரிதான். உன்கிட்ட தனியா சொல்லியிருக்கணும். சரியா பார்க்கறதுக்கு யார் வேணும்னாலும் சொல்லித் தரலாம். அதை யார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்கு இன்னும் வரல." பிறகு, "சட்டையை நான் பார்த்திருக்கணும்," என்றாள்.

"மறைச்சு வெச்சிருந்தாங்களே."

"முகத்தை மறைச்சது சரி. சட்டையையும் சேர்த்து மறைச்சதை நான் ஏன்னு கேட்டிருக்கணும்."

கடைக்குட்டி நோட்டில் எழுதினான்: 'முகம் மட்டும்.' அதற்குக் கீழே: 'துடைக்காதே.' அடிக்கோடிட்டான். போதவில்லை என்று தோன்ற, இன்னொரு கோடும் போட்டான்.

பதினெட்டாவது நிமிடம் ஹெட்ஃபோன்காரர் காதிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினார். "ஏழு," என்றார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

தலைமை ஆய்வாளர் பக்கத்தில் வந்து நின்றார். "எப்படித் தெரியும்?"

அண்ணி சொன்னாள். கால், கறை, தொட்டி, நிழல், பாக்கெட். ஒவ்வொன்றாக, எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துப் பிரித்து. அக்கா வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பால்கனியைக் கிழித்த அதே வாய். இன்று கேட்க எப்படி இருந்தது!

அவர் கையெழுத்துப் போட்டார். மணி இரண்டு ஐம்பத்திரண்டு. லாஞ்சு மூன்றுக்கு இரண்டு நிமிடம் முன்னால் கிளம்பியது.

நாலே முக்காலுக்குத் தொலைபேசி மணி அடித்தது. அண்ணி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏழாவது குடாதான்," என்றது அதிகாரியின் குரல், காற்றுக்கு நடுவில். "கப்பல் தெரியுது. மேல்தளத்துல ஆளுங்க கையாட்டறாங்க. எத்தனை பேருன்னு ஏறித்தான் சொல்லணும். ஏணி போட இன்னும் பத்து நிமிஷம்."

அக்கா அண்ணியின் தோளில் விழுந்தாள். அண்ணிக்கு இப்படிப்பட்ட நேரங்களில் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. கொஞ்சம் தேடி, கடைசியில் நாத்தனாரின் தலைமேல் வைத்தாள். கீழே படியின் சரிபாதியில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அண்ணன்.

"அந்தக் கட்டத்தை எடுத்துடு தம்பி," என்றாள் அண்ணி. "பெரிய திரையில பார்க்கட்டும்."

கடைக்குட்டி கட்டத்தை எடுத்தான். சுவரகலத்துக்கு மாமா நின்றார். இளைத்திருந்தார், வலப்பக்கம் பாக்கெட் வைத்த சட்டை போட்டிருந்தார். அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

அண்ணியும் பார்த்தாள். அவள் பார்ப்பது வேறு மாதிரி என்று கடைக்குட்டிக்கு இப்போது தெரியும். காலையிலிருந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் முகத்தில் சிரிப்பு நின்ற இடத்தில் நின்றது. அவன் அந்தப் பார்வையின் பின்னாலேயே போனான். சட்டை. தோள். முழங்கை. கம்பி.

கம்பியில் மாமாவின் இடது கை இருந்தது. கம்பியில் மாமாவின் வலது கையும் இருந்தது.

ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கறாரு. அக்கா அப்போதே சொன்னாள்தான். யார் காதிலும் விழவில்லை.

தன்னைத்தானே எடுத்த படம் இல்லை. வேறு யாரோ எதிரில் நின்று எடுத்த படம். அப்படி எடுத்தால் ஃபோன் தானாகத் திருப்பாது. யாரோ வேண்டுமென்றே திருப்பித்தான் அனுப்பியிருக்கிறார்கள், இடம் தெரியக் கூடாது என்று.

அண்ணி அக்காவின் தலையிலிருந்து கையை எடுத்தாள். இன்றைய தேதித் தாளில் பென்சிலால் ஒரு வரி எழுதினாள், நாலாக மடித்தாள், அக்காவுக்குத் தெரியாமல் கொழுந்தனின் கையில் வைத்து அழுத்தினாள். இன்னொரு கை தொலைபேசியைத் தேடிக்கொண்டிருந்தது.

அவன் பிரித்தான்.

'படத்தைத் திருப்பியவன் இப்போதும் கப்பலில்தான் இருக்கிறான். லாஞ்சுக்காரர்களுக்கு அது தெரியாது.'

"உன் கோழி இதைத் துடைச்சிடாதுல்ல?" என்றாள் அண்ணி, உதடு அசையாமல்.